ஒரு காட்டர் பின் கற்றுத் தந்த பாடம்

(மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



மலர்க்குழு நண்பர் ஒருவர் என்னிடம் வந்து, "தொழில்நுட்பக் கட்டுரை ஒண்ணு வேணும்பா. ரோபோ, மின்சாரக் கார், செயற்கை நுண்ணறிவு இப்படி ஏதாவது எழுது" என்றார். அவற்றைப் பற்றி உங்களைவிட அதிகமாக எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு ஓரளவு முழுசாகத் தெரிந்த இயந்திரம் ஒன்றே ஒன்றுதான். அது சைக்கிள். அதிலும் ஒரு விரல் நீளங்கூட இல்லாத ஒரு இரும்புத் துண்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதன் பெயர் காட்டர் பின். அதைத் தெரிந்துகொள்ள எங்கள் வீடு கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். நீங்கள் இலவசமாகவே தெரிந்துகொள்ளுங்கள்.

நடந்தது என்ன?

என் அப்பா கோவில்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் பதிலித் தொழிலாளி. வேலைக்குப் போனால்தான் கூலி. வீட்டிலிருந்து மில்லுக்கு 9 கிலோமீட்டர், கரிசல் காட்டு ரோடு. மூன்றாம் ஷிப்ட் என்றால் இரவு பதினொரு மணிக்குச் சைக்கிளை எடுப்பார். நான் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒருநாள், "பெடல் போடும்போது டக்கு டக்குன்னு ஒரு சத்தம் வருதுடா. அண்ணாச்சி கடையில காட்டணும்" என்றார்.

நான் விடவில்லை. இயந்திரவியல் டிப்ளமோ படிக்கிற பையன் வீட்டில் இருக்கும்போது கடை எதற்கு? மெஷின் டிராயிங் வகுப்பில் காட்டர் ஜாயிண்ட்டை அப்போதுதான் வரைந்து முடித்திருந்தேன். மூன்று தோற்றமும் வரைந்து, அளவு குறித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

இடது கிராங்க் அச்சின் மேல் ஆடியது. நட்டைக் கழற்றிப் பின்னை உருவினேன். ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. புதுப் பின் வாங்குவதற்குப் பதிலாகப் பவுடர் டப்பா தகரத்தில் ஒரு துண்டு வெட்டி, பின்னோடு சேர்த்து உள்ளே சொருகி, ஸ்பேனரால் நட்டை இறுக்கு இறுக்கென்று இறுக்கினேன். ஆட்டம் நின்றது; சத்தமும் நின்றது. அப்பா தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குடா" என்றார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

நான்காம் நாள் இரவு, ஓடைப்பாலத்து ஏற்றத்தில் அப்பா எழுந்து நின்று மிதித்திருக்கிறார். தகரம் நசுங்கி வெளியே வந்துவிட்டது. கிராங்க் அச்சின் மேல் வழுக்கிச் சுற்ற, இடது கால் வெற்றிடத்தில் இறங்கி, சைக்கிளோடு சரிந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரமும் கூலி கிடையாது.

அப்பா என்னைத் திட்டவில்லை. "பரவால்லடா. இனிமே அண்ணாச்சிகிட்டயே குடுத்துருவோம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட ஒரு நாளில் மறந்திருப்பேன்.

அண்ணாச்சி கேட்ட கேள்வி

மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் பின்னை உருவி, நசுங்கிய தகரத்தை விரலில் எடுத்துப் பார்த்தார்.

"யாரு பாத்த வேலை இது?"

"நான்தான் அண்ணாச்சி."

"டிப்ளமோதானே படிக்கிற? இந்த நட்டு எதுக்கு இருக்குன்னு சொல்லு பாப்போம்."

"பின்னை இறுக்கறதுக்கு."

"அங்கதான் தப்பு தம்பி. இறுக்கம் சுத்தியல்ல வருது. நட்டு வெறும் காவக்காரன். காவக்காரன மூட்டை தூக்கச் சொன்னா என்ன ஆகும்?"

இந்த மூன்று வாக்கியத்தில்தான் முழுப் பாடமும் இருக்கிறது. பிறகு பத்து நாள் மாலை வேளையில் அவர் கடையில் உட்கார்ந்து நான் கற்றதையும், அதற்குப் பின்னால் உள்ள கணக்கையும் கீழே தருகிறேன்.

கிராங்க் எப்படிப் பிடித்து நிற்கிறது?

நம் ஊர்ச் சாதாரண சைக்கிளில் பெடலைத் தாங்கும் இரும்புக் கைக்குக் கிராங்க் என்று பெயர். இரண்டு கிராங்குகளையும் இணைப்பது பி.பி. அச்சு. அச்சின் இரு முனைகளிலும் பக்கவாட்டில் ஒரு தட்டையான வெட்டு இருக்கும். கிராங்கின் கண்ணை அச்சில் நுழைத்து, குறுக்கே உள்ள துளையில் காட்டர் பின்னை அடித்து இறக்குகிறோம். பின்னின் ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாக்கப்பட்டிருக்கும். அந்தத் தட்டை முகம் அச்சின் தட்டை வெட்டில் ஆப்புப் போல இறுகி உட்காருகிறது. மரம் பிளக்கும் ஆப்பும் இதுவும் ஒரே தத்துவம்தான். சரிவு மிகக் குறைவு. சரிவுக் கோணம் உராய்வுக் கோணத்தைவிடக் குறைவாக இருப்பதால், ஒருமுறை அடித்து இறக்கிய பின் தானாக வெளியே வராது. நாம் வகுப்பில் படிக்கும் 'தானே பூட்டிக்கொள்ளும்' தத்துவம் இதுவே.

இனி ஒரு சின்னக் கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஏற்றத்தில் எழுந்து நின்று ஒரு பெடலில் முழு எடையையும் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

விசை = 70 × 9.81 = சுமார் 687 நியூட்டன்.
கிராங்க் நீளம் = சுமார் 170 மி.மீ.
முறுக்குத் திறன் = 687 × 0.17 = சுமார் 117 நியூட்டன் மீட்டர்.

அச்சின் விட்டம் சுமார் 16 மி.மீ., அதாவது ஆரம் 8 மி.மீ. 117-ஐ 0.008 ஆல் வகுத்தால் 14,600 நியூட்டன். ஏறத்தாழ ஒன்றரை டன்! பின்னின் தட்டை முகம் மையத்துக்கு 8 மி.மீ.யைவிட நெருக்கமாக இருப்பதால் உண்மையான அழுத்தம் இதற்கும் மேலேதான் போகும். இந்தப் பாரத்தைத்தான் பவுடர் டப்பா தகரத்தின் தலையில் நான் ஏற்றி வைத்திருந்தேன்.

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். பல்சக்கரம் வலது கிராங்கோடு சேர்ந்தே வருகிறது. வலது காலால் மிதிக்கும்போது விசை கிராங்கிலிருந்து நேராகப் பல்சக்கரத்துக்குப் போய்விடும். இடது காலால் மிதிக்கும்போதோ அது இடது பின், அச்சு, வலது பின் என மூன்றையும் கடந்துதான் பல்சக்கரத்தை அடைய வேண்டும். எனவே எந்தப் பின் தளர்ந்திருந்தாலும், இடது காலை அழுத்தும்போதுதான் முதலில் தெரியும். சத்தம் இடது மிதியில் வருகிறது என்பதற்காக இடது பின்னை மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது.

நோய் நாடி...

டக்கு டக்கு என்றாலே காட்டர் பின் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் மூன்று சோதனை செய்யுங்கள்.

1. பெடல் கட்டையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கட்டை மட்டும் ஆடினால் கோளாறு பெடலில்.

2. இரண்டு கிராங்கையும் இரு கைகளால் பிடித்துப் பக்கவாட்டில், அதாவது பிரேமை நோக்கி உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். இரண்டும் சேர்ந்தே ஆடினால் பி.பி. கப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது பால்ரஸ் தேய்ந்திருக்கிறது.

3. கிராங்குகளைத் தரைக்கு இணையாக நிறுத்தி, இரு பெடல்களையும் ஒரே நேரத்தில் கையால் கீழே அழுத்துங்கள். பிறகு அரைச் சுற்று சுற்றி, முன்னது பின்னதாக நிறுத்தி மறுபடி அழுத்துங்கள். ஒவ்வொரு முறையும் 'டொக்' என்று ஒரு சிறு அசைவு தெரிந்தால் காட்டர் பின் தளர்ந்திருக்கிறது. இரு பக்கக் கண்ணிலும் விரல் வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் என்று விரலே சொல்லிவிடும்.

சத்தம் வந்த அன்றே பாருங்கள். தளர்ந்த நிலையில் ஓட்டினால் பின் மட்டும் தேயாது. அச்சின் தட்டை வெட்டும் ஓரம் மழுங்கும். கிராங்க் துளையும் நீள்வட்டமாகும். அப்புறம் ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசில் முடிய வேண்டிய வேலை, கிராங்க், அச்சு என்று நீளும். எங்கள் சைக்கிளுக்கு அதுதான் நடந்தது.

பின்னைக் கழற்றும் முறை

வேண்டிய கருவிகள்: நட்டுக்குச் சரியான ஸ்பேனர், கனமான சுத்தியல், ஒரு அரம், ஒரு இரும்புக் குழாய்த் துண்டு. இந்தக் குழாய்தான் முக்கியம். சைக்கிளை நிறுத்தினால் தரைக்கும் கிராங்கின் கண்ணுக்கும் இடையே சரியாக நிற்கும் நீளம் இருக்க வேண்டும். பின்னின் தலை உள்ளே இறங்கும் அளவுக்கு வாய் அகலம் வேண்டும். அண்ணாச்சி கடையில் இந்தக் குழாய் இரு முனையும் மழுங்கி, காளான் போல விரிந்து கிடந்தது. எத்தனை ஆயிரம் பின்னைப் பார்த்ததோ!

கிராங்கைத் தரைக்கு இணையாக, நட்டு மேலே இருக்கும்படி திருப்புங்கள். அடியில் குழாயை நிறுத்துங்கள். பின் துருப்பிடித்திருந்தால் மண்ணெண்ணெயோ மெல்லிய எண்ணெயோ விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல், பின்னின் மரை நுனியோடு சமமாக நிற்கும்வரை மட்டும் தளர்த்துங்கள். அப்போதுதான் அடியில் மரை நசுங்காது. பிறகு ஒரே அடி. நேராக, கனமாக.

"பத்துச் சின்ன அடி பின்னைக் கெடுக்கும். ஒரு பெரிய அடி பின்னைக் கழட்டும்" என்பது அண்ணாச்சி வாக்கு. சின்னச் சின்ன அடி நுனியைப் பிதுக்கிவிடும். பிதுங்கிய பின் துளைக்குள் வராது.

குழாய் முட்டுக் கொடுக்காமல் அடித்தால் என்ன? அந்த அடி முழுவதும் அச்சு வழியாகப் பால்ரஸ் குண்டுகளுக்குப் போகும். குண்டுகள் கப்பில் குழி பதித்துவிடும். பின்னைச் சரிசெய்யப் போய் பேரிங்கைக் கெடுத்த கதையாகும். நான் முதல் தடவை முட்டில்லாமல்தான் அடித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

புதுப் பின் பொருத்தும் முறை

1. கழற்றிய பின்னைக் கையில் கொண்டுபோய் அதே விட்டத்தில் வாங்குங்கள். 9.5 மி.மீ. பரவலான அளவு, 9 மி.மீ. பின்னும் உண்டு. 'கிட்டத்தட்ட' என்பது இங்கே உதவாது.

2. அச்சின் வெட்டு, கிராங்கின் துளை இரண்டையும் துணியால் துடைத்து, பிசிறு இருந்தால் அகற்றுங்கள். அச்சின் வெட்டு உருண்டு போயிருந்தால் அச்சையும், துளை நீண்டிருந்தால் கிராங்கையும் மாற்றத்தான் வேண்டும். தகரம் வைக்கவே கூடாது. தகரம் மெல்ல மெல்ல நசுங்கும். நசுங்க நசுங்க இடைவெளி திரும்ப வரும்.

3. பின்னைக் கையால் நுழைத்துப் பாருங்கள். மரை நுனி மறுபுறம் எட்டிப் பார்க்காவிட்டால் தட்டை முகத்தை அரத்தால் லேசாக ராவ வேண்டும். சரிவு மாறக் கூடாது. முகம் மேடு பள்ளமின்றி இருக்க வேண்டும். பிட்டிங் ஷாப்பில் நாம் தட்டையாக ராவிப் பழகிய பழக்கம் இங்கே கைகொடுக்கும். நுழைத்து, தட்டி, எடுத்துப் பாருங்கள். உரசிய பளபளப்பு முகம் முழுவதும் தெரிந்தால் பொருத்தம் சரி. ஓரத்தில் மட்டும் தெரிந்தால் இன்னும் ராவ வேண்டும். அதிகம் ராவிவிட்டால் பின் தலைவரை உள்ளே போய்விடும்; அந்தப் பின் வீண்.

4. திசை முக்கியம். வலது கிராங்கை முன்னோக்கித் தரைக்கு இணையாக நிறுத்தும்போது அதன் நட்டு கீழே பார்க்கிறது என்று வையுங்கள். இடது கிராங்கை அதே நிலைக்குக் கொண்டுவந்தாலும் அதன் நட்டு கீழேதான் பார்க்க வேண்டும். அப்படியானால், ஒரே நேரத்தில் பார்க்கும்போது இரு நட்டுகளும் எதிரெதிர்த் திசையில் இருக்கும். மாற்றிப் போட்டால் இரு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது, மிதிக்கும்போது நொண்டும்.

5. பின்னின் தலை மேலே, மரை நுனி கீழே குழாய்க்குள் இருக்கும்படி நிறுத்தி, இரண்டு மூன்று கனமான அடி கொடுங்கள். அடியின் ஓசை மாறுவதைக் காதால் கேட்கலாம். முதலில் மந்தமாக இருக்கும். பின் முழுவதும் உட்கார்ந்ததும் கணீரென்று வரும்.

6. இப்போது வாசரும் நட்டும் போட்டு அளவாக இறுக்குங்கள். காவல்காரன் வேலை மட்டும் அதற்கு.

7. ஒரு 20, 30 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி முட்டுக் கொடுத்து ஒரு அடி, நட்டுக்கு ஒரு இறுக்கு. புதுப் பின் பாரத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே உட்காரும். அப்போது நட்டு தளர்ந்து நிற்கும். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அச்சையே மாற்றினால் சில குறிப்புகள்: நீளமான முனை பல்சக்கரத்தின் பக்கம் வர வேண்டும். பெரும்பாலான சைக்கிள்களில் பக்கத்துக்குக் கால் அங்குலக் குண்டு 11. வலது பக்கக் கப்பு பொதுவாக இடது மரை; மறந்துபோய் வழக்கமான திசையில் திருகினால் கழலாது, இன்னும் இறுகும். இடது பெடலும் இடது மரைதான். இது பலரும் ஸ்பேனரை முறித்துக்கொண்ட பிறகே தெரிந்துகொள்ளும் உண்மை.

பின் இல்லாத கிராங்க்

கியர் வைத்த புதுரகச் சைக்கிள்களில் பெரும்பாலும் காட்டர் பின் கிடையாது. பலவற்றில் அச்சின் முனை சதுரமாக, சுமார் 2 டிகிரி சரிவோடு இருக்கும். அலுமினியக் கிராங்கின் சதுரத் துளை அதில் இறுகுகிறது. நடுவில் ஒரு போல்ட். இங்கே போல்ட்தான் இறுக்கம் தருகிறது; சுத்தியலுக்கு வேலையில்லை. பொதுவாக 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கச் சொல்கிறார்கள். கழற்றுவதற்கு 22 மி.மீ. மரையுள்ள இழுப்பான் கருவி தனியாக உண்டு. போல்ட்டையும் வாசரையும் எடுத்த பிறகே அதைத் திருக வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. அச்சு எஃகு, கிராங்க் அலுமினியம். தளர்ந்தபடியே சில கிலோமீட்டர் ஓட்டினாலும் எஃகுச் சதுரம் அலுமினியத் துளையைத் தின்று உருட்டிவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. கிராங்கை மாற்றுவது ஒன்றே வழி. ஆகவே ஆட்டம் தெரிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அப்பாவின் சைக்கிள்

பத்தாம் நாள் அண்ணாச்சி எங்கள் சைக்கிளை என்னிடமே கொடுத்தார். புது அச்சு, புது இடது கிராங்க், இரு பக்கமும் புதுப் பின். அவர் தொடவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடைசி அடி அடித்ததும், "ஓசை கேட்டுச்சா?" என்றார். கேட்டது. கூலி கேட்டதற்கு, "பின்னுக்கும் அச்சுக்கும் கிராங்குக்கும் மட்டும் குடு. நீ கெடுத்த வேலைய நீயே செஞ்ச, எனக்கென்ன கூலி" என்றார்.

கட்டுப் பிரித்து அப்பா வேலைக்குப் போகத் தொடங்கிய முதல் வாரம் எனக்குத் தூக்கமில்லை. காலை எட்டரைக்கு அவர் மணிச் சத்தம் தெருமுனையில் கேட்டால்தான் மூச்சு வரும். சரியாக மூன்றாம் நாள் சைக்கிளை என்னிடம் கேட்டு வாங்கி, ஒரு அடி அடித்து, நட்டை இறுக்கித் தந்தேன். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து, பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணே, பெடல்ல ஒரு சத்தம்" என்று அப்பாவிடம் சொன்னார்.

"உள்ள தம்பி இருக்கான். அவன்கிட்ட காட்டுங்க" என்றார் அப்பா.

செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் எத்தனையோ வாங்கியிருக்கிறேன். அந்த வார்த்தைக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

நமக்கு ஒரு வேண்டுகோள்

நண்பர்களே, நம் கல்லூரி சைக்கிள் ஷெட்டில் தினமும் எத்தனை சைக்கிள் நிற்கிறது என்று பாருங்கள். பலவும் பள்ளியில் படித்தபோது அரசு தந்த இலவச சைக்கிள்கள். அவற்றில் எத்தனை டக்கு டக்கென்று பேசிக்கொண்டு வருகின்றன என்று காது கொடுத்துக் கேளுங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பட்டயம் படிக்கும் நமக்கு அந்தச் சைக்கிளைப் பழுது பார்க்கவாவது தெரிய வேண்டாமா?

ஆகவே நம் மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இது: ஒரு சுத்தியல், இரண்டு ஸ்பேனர், ஒரு அரம், ஒரு இரும்புக் குழாய், ஒரு டப்பா காட்டர் பின். இவற்றை ஷெட்டில் ஒரு பெட்டியில் வைப்போம். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை இயந்திரவியல் மாணவர்கள் முறை வைத்து உட்காருவோம். முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன்.

டிராயிங் தாளில் கோடு கொஞ்சம் பிசகினால் ரப்பரால் அழித்துவிடலாம். ரோட்டில் போகிறவர் காலடியில் அது முடியாது. நாம் நாளை எந்த ஆலையில், எந்த இயந்திரத்தின் முன் நின்றாலும், அதன் மேல் ஒரு மனிதர் ஏறி நிற்கப் போகிறார் என்பதை மறவாதிருப்போம்.